ரால்ஃப் பாக்னால்ட்

ரால்ஃப் ஆல்ஜர் பாக்னால்ட் (ஏப்ரல் 3, 1896 – மே 28, 1990) பிரித்தானியப் படைத்துறை அதிகாரியும், பொறியியலாளரும், பாலைவன ஆய்வுப் பயணியும், மணலின் இயக்கத்தை ஆராய்ந்த அறிவியலாளரும் ஆவார். சாலைகளில் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட சாதாரண ஃபோர்டு மோட்டார் வண்டிகளை வாங்கி, அவற்றைத் தம் கையாலேயே மாற்றியமைத்து, சக்கர வண்டிகள் செல்லவே இயலாது என்று கருதப்பட்ட லிபியப் பாலைவனத்தின் மணற்குன்றுகளை இவரும் இவருடைய நண்பர்களும் கடந்தனர். இப்பயணங்களில் இவர் வகுத்த முறைகள் பல, இன்றும் பாலைவனப் பயண வண்டிகளை அமைப்போரால் பின்பற்றப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரில் நெடுந்தொலைவுப் பாலைவனக் குழு என்னும் படைப்பிரிவை நிறுவியவரும் இவரே. காற்றினால் மணல் நகரும் விதம் பற்றி இவர் எழுதிய நூல், அத்துறையின் அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகிறது.

இளமையும் கல்வியும்

பாக்னால்ட் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள டெவன்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் பாக்னால்ட் அரச பொறியியலாளர் படையில் கர்னலாகப் பணியாற்றியவர். கார்ட்டூமில் முற்றுகையிடப்பட்டிருந்த தளபதி கார்டனை மீட்பதற்காக 1884-85ஆம் ஆண்டுகளில் நைல் ஆற்றின் வழியே சென்ற படையில் அவரும் இருந்தார். நேஷனல் வெல்வெட் என்னும் புதினத்தை எழுதிய ஈனிட் பாக்னால்ட் இவருடைய தமக்கை ஆவார்.

மால்வர்ன் கல்லூரியிலும் ஊல்விச்சில் இருந்த அரச படைத்துறைக் கழகத்திலும் பயின்ற பாக்னால்ட், 1915இல் அரச பொறியியலாளர் படையில் அதிகாரியானார். முதலாம் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிப் போர்முனையில் பணியாற்றினார். போர் முடிந்த பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்வில் அண்டு கீஸ் கல்லூரியில் பொறியியல் கற்றார். 1921இல் மீண்டும் படைப்பணிக்குத் திரும்பி, அரச சமிக்ஞைப் படையில் சேர்ந்தார். 1920களின் நடுப்பகுதியில் இவர் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். அந்த மாற்றமே இவருடைய வாழ்க்கையின் போக்கை நிர்ணயித்தது.

லிபியப் பாலைவனமும் மோட்டார் வண்டியும்

சகாராவின் கிழக்குப் பகுதியாகிய லிபியப் பாலைவனம் எகிப்து, லிபியா, சூடான் ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 11 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. உலகின் மிக வறண்ட நிலப்பகுதிகளுள் இதுவும் ஒன்று. இதனுள் அமைந்த பெரும் மணற்கடல் ஏறத்தாழ 72,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அங்கே 100 மீட்டருக்கும் உயர்ந்த மணற்குன்றுகள் வடக்கிலிருந்து தெற்காக, இணையான வரிசைகளாக நீண்டு கிடக்கின்றன. நீர்நிலைகளுக்கு இடையிலான தொலைவு மிகுதியாக இருப்பதால் ஒட்டகக் கூட்டங்களும் இப்பகுதியின் உட்புறத்தைத் தவிர்த்தே சென்றன.

பாக்னால்டுக்கு முன்னரும் இங்கு மோட்டார் வண்டிகள் ஓடியதுண்டு. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியரின் இலகு வண்டிச் சுற்றுக்காவல் அணிகள் மாடல் டி ஃபோர்டு வண்டிகளைப் பயன்படுத்தி எகிப்தின் மேற்கு எல்லையைக் காத்தன. 1920களின் நடுவில் எகிப்திய இளவரசர் கமால் எல் தின், பின்புறத்தில் சங்கிலித் தடம் பூட்டிய சிட்ரோயன் வண்டிகளில் தெற்கே வெகுதூரம் சென்றார். கில்ஃப் கெபிர் பீடபூமிக்குப் பெயரிட்டவர் அவரே. ஆனால் அவ்வகைப் பயணத்துக்கு அரச குடும்பத்தின் செல்வமும், எரிபொருளை முன்கூட்டியே கொண்டுசேர்க்கும் பெரிய ஏற்பாடும் தேவைப்பட்டன. மணற்கடலையோ எவரும் சக்கர வண்டியில் கடக்க முயலவில்லை.

தொடக்ககாலப் பயணங்கள்

கெய்ரோவில் பணியாற்றிய பாக்னால்டும் வேறு சில இளம் அதிகாரிகளும் வார இறுதிகளிலும் விடுப்பிலும் மாடல் டி வண்டிகளில் சுற்றத் தொடங்கினர். சினாய் தீபகற்பம், பாலஸ்தீனம், பெட்ரா, சிவா பாலைவனச்சோலை முதலிய இடங்களுக்கு இவ்வாறு சென்றனர். வண்டிகள் அவர்களுடைய சொந்த உடைமைகள்; செலவும் பெரும்பாலும் சொந்தச் செலவே. படைத்துறையின் பட்டறையோ பழுதுபார்ப்போரோ உடன் வரவில்லை. ஆகவே வண்டியை அமைப்பதும் ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் பயணம் செய்பவர்களின் வேலையாகவே இருந்தன.

மாடல் டி இதற்கு ஏற்ற வண்டியாக இருந்தது. 1908 முதல் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்ட இவ்வண்டியின் இயந்திரம் ஏறத்தாழ 20 குதிரைத்திறன் உடையது. எரிபொருள் தானாகவே கீழிறங்கி இயந்திரத்தை அடையும். எண்ணெய்க்குத் தனிப் பம்பு கிடையாது. பழுதடையக்கூடிய உறுப்புகள் குறைவு. எடையும் குறைவு. தரையிலிருந்து அடிப்பகுதி உயர்ந்திருந்தமையால் கற்களிலும் மேடுகளிலும் இடிபடவில்லை. இதற்கு அடுத்து வந்த மாடல் ஏ வண்டியில் 40 குதிரைத்திறன் இயந்திரமும், மூன்று கியர்களும், நீரைச் சுழலச்செய்யும் பம்பும் இருந்தன. 1929 முதல் பாக்னால்டின் பெரும் பயணங்கள் இவ்வகை வண்டிகளிலேயே நடைபெற்றன. இரு வகைகளிலும் பின் சக்கரங்களை மட்டுமே இயந்திரம் சுழற்றியது. இன்று இத்தகைய பயணங்களுக்கு இன்றியமையாததாகக் கருதப்படும் நான்கு சக்கர இயக்கம் அவற்றில் இல்லை.

வண்டிகளின் அமைப்பு

பாக்னால்டின் அணுகுமுறை எளிமையானது. மணலில் வண்டி புதைவதற்கு முதற்காரணம் எடை. எனவே, பயணத்துக்குத் தேவையில்லாத எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து வந்த மேற்கூடு நீக்கப்பட்டு, அதனிடத்தில் மரத்தாலான எளிய பெட்டி பொருத்தப்பட்டது. அப்பெட்டியே அவர்களுக்குச் சரக்கறையாகவும் சமையலறையாகவும் விளங்கியது. உறங்குவதற்கு வண்டியில் இடம் ஒதுக்கப்படவில்லை. வண்டியின் காற்று மறைவில் தரையிலேயே படுத்துக்கொண்டனர்.

சுமைக் கணக்கு

ஒரு நெடும்பயண வண்டியின் அமைப்பை நிர்ணயிப்பவை எரிபொருளும் நீரும் ஆகும். எடுத்துக்காட்டாக, ஒரு வண்டி 4.5 லிட்டர் (1 காலன்) பெட்ரோலில் 16 கி.மீ. செல்வதாகக் கொள்வோம். இடையில் நிரப்பாமல் 1,600 கி.மீ. செல்ல 450 லிட்டர் தேவை. அதன் எடை மட்டுமே 330 கிலோகிராமுக்கு மேல். மூன்று பேருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4.5 லிட்டர் வீதம் 20 நாட்களுக்கு நீர் கொண்டு செல்வதானால் மேலும் 270 கிலோகிராம் சேரும். உணவும் கருவிகளும் மாற்று உறுப்புகளும் இதற்கு மேல். எனவே வண்டியின் உடலில் குறைக்கப்படும் ஒவ்வொரு கிலோகிராமும் மேலும் சில கிலோமீட்டர் பயணத்துக்குச் சமமாகும்.

பெட்ரோல் அக்காலத்தில் 18 லிட்டர் (4 காலன்) கொள்ளும் மெல்லிய தகர டின்களில், மரப்பெட்டிக்கு இரண்டாக விற்கப்பட்டது. குலுங்கும் வண்டியில் இவற்றின் ஒட்டுகள் விட்டுப்போய் எரிபொருள் கசிவது வழக்கம். இந்த இழப்பையும் கணக்கில் சேர்த்தே புறப்பட வேண்டியிருந்தது.

நீராவி மீட்புக் கலம்

மணலில் தாழ்ந்த கியரில் மெதுவாகச் செல்லும்போது, அதிலும் பின்காற்று வீசும்போது, ரேடியேட்டரின் நீர் விரைவில் கொதித்துவிடும். சாதாரண வண்டிகளில் நீராவி வழிவு குழாயின் வழியே வெளியேறி வீணாகும். குடிக்கும் நீரையே இயந்திரத்துக்கும் ஊற்ற வேண்டிய இடத்தில் இது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

பாக்னால்ட் செய்த மாற்றம் பின்வருமாறு. ரேடியேட்டரின் மூடி காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டது. வழிவு குழாய் நீட்டப்பட்டு, வண்டியின் பக்கத்தில் பொருத்திய ஒரு டின்னுக்குள் விடப்பட்டது. டின்னில் பாதியளவு குளிர்ந்த நீர் இருக்கும். ரேடியேட்டரிலிருந்து வரும் நீராவி இந்நீரில் பட்டுக் குளிர்ந்து மீண்டும் நீராகும். டின்னில் உள்ள நீரும் கொதிக்கத் தொடங்கினால் ஓட்டுநர் வண்டியைக் காற்று வீசும் திசை நோக்கித் திருப்பி நிறுத்துவார். சற்று நேரத்தில் இயந்திரம் குளிர, ரேடியேட்டருக்குள் நீராவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். அவ்வெற்றிடம் டின்னில் சேர்ந்த நீரைக் குழாயின் வழியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒட்டுகளில் கசிவு இல்லாதவரை, நாட்கணக்கில் ஓடினாலும் புதிதாக நீர் ஊற்றத் தேவையிருக்காது. இக்கால வண்டிகளின் ரேடியேட்டரை ஒட்டியுள்ள மிகைநீர்க் கலமும் இதே தத்துவத்தில் இயங்குகிறது.

டயரும் காற்றழுத்தமும்

டயர் தரையில் பதியும் பரப்பு, அது தாங்கும் எடையையும் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தையும் பொறுத்தது. அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் பதியும் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். அகன்ற டயர்களைக் குறைந்த காற்றழுத்தத்தில் பயன்படுத்தினால், மணலின் மேற்பரப்பை உடைக்காமல் அதன் மேலேயே செல்லலாம் என்பதைப் பாக்னால்ட் குழுவினர் அனுபவத்தில் கண்டனர். ஆனால் கற்கள் நிறைந்த தரையில் இதே டயர் அதிகமாக வளைந்து, சூடேறிக் கிழியும். எனவே தரை மாறுந்தோறும் காற்றை இறக்குவதும் ஏற்றுவதும் பாலைவன ஓட்டுநரின் அன்றாட வேலையாயிற்று.

இரும்புத் தடங்கள்

எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் வண்டி புதைவதைத் தவிர்க்க முடியாது. புதைந்த வண்டியை மீட்பதற்காகப் பாக்னால்ட் ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தடங்களைப் பயன்படுத்தினார். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளின் கூரைக்காகச் செய்யப்பட்டு, பின்னர் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையைச் சேர்ந்திருந்த பொருள் அது. பின் சக்கரங்களுக்கு முன்னால் மணலைத் தோண்டி, தடங்களைச் சக்கரத்தின் அடியில் செலுத்துவார்கள். கிளட்ச் விடப்பட்டதும் சக்கரம் இரும்பைப் பற்றி ஏறும். மற்றவர்கள் வண்டியைத் தள்ளுவார்கள். தடத்தின் முடிவுக்குள் போதிய வேகம் கிட்டாவிட்டால் தடங்களை எடுத்து மீண்டும் முன்னால் இடவேண்டும். முன் சக்கரங்களுக்குத் துணிப் பாய்கள் உதவின. இன்று விற்கப்படும் அலுமினிய, நெகிழி மணல் தடங்களின் முன்னோடி இதுவே.

சூரியத் திசைகாட்டி

காந்தத் திசைகாட்டி வண்டியின் இரும்பினாலும் இயந்திரத்தினாலும் தவறாகக் காட்டும். சரியாகப் பார்க்க வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, இறங்கிச் சற்றுத் தொலைவு நடக்க வேண்டும். இதற்கு மாற்றாக இலகு வண்டிச் சுற்றுக்காவல் காலத்திலேயே சூரியத் திசைகாட்டி பயன்பட்டு வந்தது. பாக்னால்ட் அதைச் செம்மைப்படுத்தினார். பாகை குறிக்கப்பட்ட வட்டத் தகடு ஒன்றின் நடுவில் செங்குத்தான ஊசி நிற்கும். ஓட்டுநர் ஊசியின் நிழலைக் குறித்த பாகையில் வைத்துக்கொண்டு ஓட்டினால் வண்டி விரும்பிய திசையில் செல்லும். சூரியன் நகர்வதற்கேற்ப, அட்டவணையைப் பார்த்து அவ்வப்போது தகட்டைத் திருத்த வேண்டும். கோடையின் நண்பகலில் நிழல் மிகக் குறுகிவிடுவதால் இக்கருவி பயன்படாது.

திசையையும், ஓடிய தூரத்தையும் தொடர்ந்து குறித்துக்கொண்டு பகலில் இருப்பிடம் கணிக்கப்பட்டது. இரவில் தியோடலைட் கருவியால் விண்மீன்களை நோக்கி அக்கணிப்பு சரிபார்க்கப்பட்டது. தரையில் அடையாளம் எதுவும் இல்லாத இடங்களுக்கும் இதனால் நிலப்படம் வரைய முடிந்தது.

பராமரிப்பு

பாலைவனத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டால் உதவி வராது. ஆகவே தனி வண்டியாகச் செல்லாமல் எப்போதும் பல வண்டிகளாகச் செல்வது விதியாக இருந்தது. அனைத்து வண்டிகளும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருக்குமாறு பார்த்துக்கொண்டனர். இதனால் ஒரு தொகுதி மாற்று உறுப்புகள் எல்லா வண்டிகளுக்கும் போதுமானது. கடைசியில் ஒரு வண்டியைக் கைவிட நேர்ந்தாலும் அதன் உறுப்புகள் மற்றவற்றுக்குப் பயன்படும்.

கற்களிலும் மேடுகளிலும் மிகுந்த சுமையுடன் குதித்துச் செல்லும் வண்டியில், சுமையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளே முதலில் துன்புறும் உறுப்பு. ஃபோர்டு வண்டிகளில் முன் அச்சுக்கு ஒன்றும் பின் அச்சுக்கு ஒன்றுமாக, குறுக்காக அமைந்த இரண்டே ஸ்பிரிங் அடுக்குகள் இருந்தன. இவற்றில் ஒன்று முறிந்தால் அச்சின் இருபுறமும் பாதிக்கப்படும். டயர்களும் குழாய்களும் வெயிலாலும் கல்லாலும் அடிக்கடி பழுதாயின. நுண்ணிய மணல் இயந்திரத்தின் அசையும் பாகங்களைத் தேய்த்தது. அதனால் அன்றன்றைய பயணம் முடிந்து முகாமிட்டதும் திருகாணிகளை முடுக்குதல், எண்ணெய் பார்த்தல், டயர்களைச் செப்பனிடல் ஆகியவை நடந்தன. பெரிய பழுதாக நேர்ந்தாலும் இயந்திரத்தைத் திறந்து மணல்வெளியிலேயே சரிசெய்ய வேண்டியிருந்தது. எளிய இயந்திர அமைப்புடைய வண்டியைத் தேர்ந்தெடுத்ததன் பயன் அப்போது தெரிந்தது.

பெரும் பயணங்கள்

பாக்னால்ட் பின்னர் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்துக்கு மாற்றப்பட்டார். ஆனால் நீண்ட விடுப்புகளில் எகிப்துக்குத் திரும்பி வந்து பயணங்களைத் தொடர்ந்தார். டக்ளஸ் நியூபோல்ட், பில் கென்னடி ஷா, கை பிரெண்டர்காஸ்ட், ரூபர்ட் ஹார்டிங் நியூமன் ஆகியோர் வெவ்வேறு பயணங்களில் இவருடன் சென்றவர்களுள் சிலர்.

1929ஆம் ஆண்டுப் பயணத்தில் மாடல் ஏ வண்டிகளுடன் குழுவினர் பெரும் மணற்கடலின் விளிம்பை அடைந்தனர். மணற்சுவர் போல் எதிரே நின்ற குன்றுகளைப் பார்த்துத் தயங்காமல், பாக்னால்ட் வண்டியை முழு வேகத்தில் நேராக அவற்றின் மீது செலுத்திப் பார்த்தார். வண்டி புதையாமல் ஏறிச் சென்றது. காற்று வீசும் பக்கத்துச் சரிவின் மணல் இறுகி இருப்பதை இதனால் அறிந்தனர். ஆனால் குன்றின் உச்சிக்கு அப்பால், காற்று மறைவான பக்கம், திடீரெனச் சரியும். மணல் அங்கு ஏறத்தாழ 33 பாகைச் சரிவில் தளர்வாகக் கிடக்கும். உச்சியில் வேகம் மிகுந்தால் வண்டி பாய்ந்து கவிழும். குறைந்தால் முகட்டில் சிக்கிக்கொள்ளும். எந்த இடத்தில் இறுகிய மணல் உள்ளது, எங்கே தளர்ந்த மணல் மறைந்துள்ளது என்பதைப் பார்வையால் அறிவதே ஓட்டுநரின் முதன்மைத் திறனாயிற்று.

1930இல் மணற்கடலைக் கடந்து, கில்ஃப் கெபிர் பீடபூமியைச் சுற்றி, எகிப்து, லிபியா, சூடான் எல்லைகள் சந்திக்கும் உவைனாத் மலையை அடைந்து, அங்கிருந்து நைல் கரையில் உள்ள வாடி ஹல்ஃபாவுக்கு வந்தனர். அங்கே, ஒரு கிரேக்கரின் மதுக்கடையில் கூடியிருந்தபோது செர்சுரா கழகம் என்ற பெயரில் பாலைவனப் பயணிகளின் நட்புக் குழு ஒன்றைத் தொடங்கினர். செர்சுரா என்பது இப்பாலைவனத்தில் எங்கோ மறைந்திருப்பதாகப் பழங்கதைகள் கூறும் சோலையின் பெயர்.

1932இல் நான்கு மாடல் ஏ வண்டிகளில், எட்டுப் பேருடன் இவர் மேற்கொண்ட பயணமே மிகப் பெரியது. கெய்ரோவிலிருந்து உவைனாத் வழியாக மேற்கே சர்ரா வரையும், தெற்கே சூடானின் அல் ஃபாஷர் வரையும் சென்று திரும்பினர். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 9,600 கி.மீ. லிபியப் பாலைவனத்தைக் கிழக்கு மேற்காக மோட்டார் வண்டியில் கடந்த முதற்பயணமாக இது கருதப்படுகிறது. இதற்காக அரச புவியியல் கழகம் தன் நிறுவனர் பதக்கத்தைப் பாக்னால்டுக்கு வழங்கியது. இப்பயணங்களைப் பற்றி இவர் எழுதிய லிபியன் சாண்ட்ஸ் என்னும் நூல் 1935இல் வெளிவந்தது.

மணலின் அறிவியல்

தொலைகிழக்கில் பணியாற்றியபோது நோயுற்ற பாக்னால்ட் 1935இல் படையிலிருந்து ஓய்வு பெற்றார். வண்டி ஓட்டியபோது எழுந்த ஒரு கேள்வி இவர் மனத்தில் தங்கியிருந்தது. உயிரற்ற மணல், காற்றின் துணையால் மட்டுமே எவ்வாறு இத்தனை ஒழுங்கான வடிவங்களைப் பெறுகிறது என்பதே அது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில், ஒட்டுப்பலகையும் கண்ணாடியும் கொண்டு தாமே ஒரு காற்றுச் சுரங்கத்தைக் கட்டி, அதில் மணலைத் தூவி ஆராய்ந்தார்.

மணலின் பெரும்பகுதி காற்றில் மிதந்து செல்வதில்லை என்பதை இவர் காட்டினார். மணற்துகள்கள் சிறிது உயரம் எழும்பி, வளைகோட்டில் பறந்து, தரையில் மோதி, வேறு துகள்களைத் தெறிக்கச் செய்கின்றன. இதற்குத் தாவல் நகர்வு என்று பெயர். பெரிய துகள்கள் இம்மோதல்களால் தரையிலேயே ஊர்ந்து நகர்கின்றன. மிக நுண்ணிய தூசி மட்டுமே மேலே தொங்கிச் செல்கிறது. தரையருகே காற்றின் உராய்வு வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப, நகரும் மணலின் அளவு கூடுகிறது என்பது இவருடைய புகழ்பெற்ற வாய்பாட்டின் சாரம். உராய்வு வேகம் இரு மடங்கானால் நகரும் மணல் எட்டு மடங்காகும்.

வண்டியோட்டிகள் அனுபவத்தில் அறிந்த இறுகிய மணலுக்கும் தளர்ந்த மணலுக்கும் விளக்கம் கிடைத்தது. தாவி வரும் துகள்கள் ஒவ்வொன்றாக மோதிப் படியும் சரிவில் மணல் நெருக்கமாக அடுக்கப்பட்டு உறுதியாகிறது. முகட்டைத் தாண்டி உருண்டு விழும் மணல் தளர்வாகவே குவிகிறது. 1938இல் மீண்டும் லிபியப் பாலைவனத்துக்குச் சென்ற பாக்னால்ட், ஆய்வுக்கூட முடிவுகளை உண்மையான மணற்புயல்களில் சரிபார்த்தார். வீசும் மணல் மற்றும் பாலைவனக் குன்றுகளின் இயற்பியல் என்னும் இவருடைய நூல் 1941இல் வெளியானது. 1944இல் இவர் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

நெடுந்தொலைவுப் பாலைவனக் குழு

1939இல் போர் தொடங்கியதும் பாக்னால்ட் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். மத்தியதரைக் கடலில் அவர் சென்ற கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதிச் சேதமடைந்தது. பழுதுபார்ப்புக்காகக் கப்பல் எகிப்தில் நின்றபோது அவர் கெய்ரோவுக்குச் சென்றார். அவருடைய அனுபவத்தை அறிந்திருந்த தளபதி ஆர்ச்சிபால்ட் வேவல் அவரை எகிப்திலேயே இருத்திக்கொண்டார். இந்த வேவலே பின்னர் இந்தியாவின் அரசப் பிரதிநிதியானவர்.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. லிபியா அப்போது இத்தாலியின் வசம் இருந்தது. பாலைவனத்தின் உட்புறம் வழியாக இத்தாலியர் எகிப்தையோ சூடானையோ தாக்கக்கூடும் என்றும், அதைக் கண்காணிக்கச் சிறிய மோட்டார் அணிகள் தேவை என்றும் பாக்னால்ட் எடுத்துரைத்தார். வேவல் ஒப்புதல் அளித்து, ஆறு வாரக் கால அவகாசம் கொடுத்தார். நாற்சக்கர இயக்க வண்டிகளுக்காகக் காத்திராமல், அலெக்சாந்திரியாவிலும் எகிப்தியப் படையிடமும் கிடைத்த 1.5 டன் ஷெவர்லே லாரிகள் திரட்டப்பட்டன. அவற்றின் கதவுகள், கூரை, முன் கண்ணாடி ஆகியன அகற்றப்பட்டன. ஸ்பிரிங் அடுக்குகளில் கூடுதல் பட்டைகள் சேர்க்கப்பட்டன. நீராவி மீட்புக் கலம், இரும்புத் தடங்கள், சூரியத் திசைகாட்டி, அகன்ற டயர்கள் ஆகிய அனைத்தும் பொருத்தப்பட்டன. பழைய பயணத் தோழர்களான ஷா, பிரெண்டர்காஸ்ட் ஆகியோரும், நில அளவையாளர் பாட் கிளேட்டனும் குழுவில் இணைந்தனர்.

முதல் வீரர்கள் நியூசிலாந்துப் படையிலிருந்து விரும்பி வந்தவர்கள். பண்ணைகளில் வளர்ந்து இயந்திரங்களைப் பேணிப் பழகியவர்கள் அவர்களிடையே பலர் இருந்தனர். பின்னர் பிரித்தானியரும் ரொடீசியரும் சேர்ந்தனர். இந்திய நெடுந்தொலைவு அணியைச் சேர்ந்த வீரர்களும் 1942இல் இக்குழுவுடன் இயங்கினர். வெளியிலிருந்து எதுவும் பெறாமல் ஏறத்தாழ 1,770 கி.மீ. செல்லும் திறன் இவ்வணிகளுக்கு இருந்தது.

1941 ஜனவரி 11 அன்று இக்குழு, சாட் நாட்டிலிருந்து வந்த சுதந்திர பிரெஞ்சு வீரர்களுடன் சேர்ந்து, லிபியாவின் தென்மேற்கில் உள்ள முர்சுக் விமானத் தளத்தைத் தாக்கியது. அம்மாத இறுதியில் அணி ஒன்று எதிரிகளிடம் சிக்கி, கிளேட்டன் சிறைப்பட்டார். வண்டிகளை இழந்த நான்கு பேர் மிகக் குறைந்த நீருடன் பத்து நாட்கள் வரை நடந்தனர். அவர்களுள் சிலர் கடந்த தொலைவு 300 கி.மீட்டருக்கு மேல். மீட்கப்பட்டபின் அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். பாலைவனத்தில் வண்டியை இழப்பது எத்தகையது என்பதை இந்நிகழ்வு காட்டியது. 1941 ஆகஸ்டில் பாக்னால்ட் குழுவின் தலைமையைப் பிரெண்டர்காஸ்டிடம் ஒப்படைத்துவிட்டு, கெய்ரோவில் உயர் பொறுப்புகளை ஏற்றார். 1944இல் பிரிகேடியர் தகுதியுடன் ஓய்வு பெற்றார்.

பிற்காலம்

1946இல் பாக்னால்ட் டோரதி பிளாங்க் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். சில காலம் ஷெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்திய பின்னர், ஆறுகளில் மணலும் வண்டலும் நகரும் விதத்தை ஆராய்ந்தார். ஐக்கிய அமெரிக்க நிலவியல் அளவைத் துறையுடன் இணைந்தும் பணியாற்றினார். துகள்கள் அடர்ந்த பாய்மங்களின் இயக்கத்தைக் குறிக்கும் ஓர் எண் இவர் பெயரால் பாக்னால்ட் எண் என வழங்கப்படுகிறது. அமெரிக்க நிலவியல் கழகத்தின் பென்ரோஸ் பதக்கத்தை 1970இலும், லண்டன் நிலவியல் கழகத்தின் வொல்லாஸ்டன் பதக்கத்தை 1971இலும் பெற்றார். 1977இல், பூமியின் பாலைவனங்களையும் செவ்வாய்க் கோளின் நிலத்தோற்றத்தையும் ஒப்பிடுவதற்காக நாசா கூட்டிய மாநாட்டில் இவர் உரையாற்றினார். தன்வரலாற்று நூலை எழுதி முடித்த பாக்னால்ட், 1990 மே 28 அன்று தம் 94ஆம் வயதில் காலமானார். அந்நூல் அதே ஆண்டில் வெளிவந்தது.

செல்வாக்கு

செவ்வாய்க் கோளின் கேல் பள்ளத்தில் உள்ள மணற்குன்றுகளுக்குப் பாக்னால்ட் குன்றுகள் என்று பெயரிடப்பட்டது. கியூரியாசிட்டி ஊர்தி 2015 முதல் 2017 வரையான காலத்தில் அவற்றை அருகிருந்து ஆராய்ந்தது. நெடுந்தொலைவுப் பாலைவனக் குழுவின் ஷெவர்லே லாரி ஒன்று பிற்காலத்தில் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்டு, துருவும் மணலும் படிந்த நிலையிலேயே லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

பெரிய இயந்திரமும் விலையுயர்ந்த கருவிகளும் கொண்ட பயண வண்டிகள் இன்று கடைகளிலேயே கிடைக்கின்றன. எனினும் எடையைக் குறைத்தல், டயரின் காற்றை இறக்குதல், மணல் தடங்களை எடுத்துச் செல்லுதல், நீரையும் எரிபொருளையும் முன்கூட்டியே கணக்கிடுதல், தனி வண்டியாகச் செல்லாதிருத்தல், தம் வண்டியைத் தாமே பழுது பார்க்கக் கற்றல் ஆகியவை தம் கையால் வண்டி அமைத்துப் பாலைவனம் செல்வோரின் அடிப்படை விதிகளாக உள்ளன. இவை ஒவ்வொன்றும் 40 குதிரைத்திறன் கொண்ட வண்டிகளில் பாக்னால்டும் நண்பர்களும் பின்பற்றியவையே.

எழுதிய நூல்கள்

லிபியன் சாண்ட்ஸ்: உயிரற்ற உலகில் பயணம் (1935)
வீசும் மணல் மற்றும் பாலைவனக் குன்றுகளின் இயற்பியல் (1941)
மணல், காற்று, போர்: ஒரு பாலைவன ஆய்வுப் பயணியின் நினைவுக் குறிப்புகள் (1990)